பைலாத் தாளத்தில் ஒரு பாட்டு

அந்த ஆங்கிலப் பாடகியைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்த தமிழர் மொன்றியலில் இருக்க மாட்டார். பெருமைக்குச் சொல்லவில்லை. அவர் பிறந்த ஊர், தகப்பன் பார்த்த வேலை, முதல் இசைத்தட்டு, இரண்டாவதற்கு வாங்கிய திட்டு, குரல் போய் வீட்டில் கிடந்த காலம், எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இவ்வளவையும் நான் படித்தது பாட்டின் மேல் உள்ள ஆசையால் அல்ல. என் மகள் என்னோடு ஒரு வார்த்தை பேச வேண்டும் என்பதற்காக.

எங்களுக்கு ஒரே பிள்ளை. ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை பார்த்து, அங்கேயே சின்னதாக ஒரு அப்பார்ட்மென்ட் எடுத்துத் தனியாக இருந்தாள். மாசி மாதம் ஒரு நாள், நான் வேலை செய்யும் பேக்கரியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, என்னை வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

"ஏன் பிள்ளை, என்ன நடந்தது?"

"ஏலாது அப்பா."

பாலம் தாண்டிப் போனேன். கதவுக்குப் பின்னால் கோட்டும் சப்பாத்தும் போட்டபடி தரையில் குந்தியிருந்தாள். சப்பாத்தில் ஒரு பொட்டுப் பனி இல்லை. வேலைக்குப் போகவென்று உடுத்தி, கதவைத் திறக்க முடியாமல் அப்படியே இருந்துவிட்டாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. திரும்பி வரும்போது பாலத்தில் வாகன நெரிசல். நான் வழக்கம்போல வீதி திருத்துபவர்களையும் மாநகர சபையையும் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் கார்க் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்தபடி வந்தாள். ஏதாவது கேட்டிருக்கலாம். எனக்குத் திட்டத்தான் தெரியும், கேட்கத் தெரியாது.

மொன்றியலின் வடக்கே, அஹுன்ட்சிக்கில் எங்கள் வீடு ஒரு கீழ்த்தளம். சமைக்கிற குசினிக்கும் அவளது அறைக்கும் நடுவில் இருப்பது சுவர் என்ற பெயரில் ஒரு அட்டை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சாப்பாட்டுக்கு வருவாள், இரண்டு வாய் வைப்பாள், போய்விடுவாள். என் மனைவி கார்டரி என்னும் பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்குச் சமைப்பவள். அடம் பிடிக்கும் பிள்ளைகள் எல்லோரையும் சாப்பிட வைக்கத் தெரிந்தவளுக்குச் சொந்தப் பிள்ளையிடம் ஒன்றும் எடுபடவில்லை. கண்ணூறு என்றாள், செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். புகை மணி அலறி மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்ததுதான் மிச்சம். நான் இரத்தத்தில் இரும்பு காணாது என்றேன். ஆளுக்கொரு வைத்தியம் எங்களிடம் இருந்தது, நோயின் பெயரைச் சொல்ல மட்டும் இருவருக்கும் வாய் வரவில்லை.

கடைசியில் ஒரு டாக்டரிடம் போனோம். கியூபெக்காரி, சின்ன வயது. மகளோடு தனியாகப் பேசினார், பிறகு என்னைக் கூப்பிட்டார். என் பிரெஞ்சு பேக்கரியில் படித்தது, மாவும் அடுப்பும் பற்றியென்றால் வெளுத்து வாங்குவேன். அவர் மெதுவாகச் சொன்னதால் பிடிபட்டது. அவளை நெருக்காதீர்கள். அவளுக்குப் பிடித்தது எதுவோ அதில் நீங்களும் அக்கறை காட்டுங்கள். பேச்சு அங்கேதான் தொடங்கும்.

பிடித்தது எது என்பதில் சந்தேகமில்லை. சுவரின் வழியே ஒரே குரல்தான் வந்துகொண்டிருந்தது. மேசையில் ஒரு நாள், யார் பாடுவது என்று கேட்டபோது பெயரை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். எனக்கு அது போதும். யாழ்ப்பாணத்தில் படித்தவனிடம் ஒரு பாடத்தின் பெயரைச் சொன்னால் அவன் என்ன செய்வானோ அதைத்தான் நானும் செய்தேன். விழுந்து விழுந்து படித்தேன்.

சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் கொடுப்பவன் நான். எதையும் பிரித்து, வரிசைப்படுத்தி, பாடமாக்குவது கைவந்த கலை. வேலை முடிந்து வந்து போனில் அவரது பேட்டிகளையும் விமர்சனங்களையும் வாசித்தேன். பிறகு ஆற்றோரப் பாதையில் மேலும் கீழும் நடந்து, சோதனைக்குப் படிப்பது போல வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நாயோடு நடக்க வந்தவர்கள் "பொன்ஜூர்" சொல்லிவிட்டு ஒரு அடி தள்ளிப் போனார்கள்.

அவர் இங்கிலாந்தின் வடக்கே ஒரு தொழிற்சாலை ஊரில் பிறந்தவர். தகப்பன் பஸ் ஓட்டினார், ஓய்வு நாளில் தொழிலாளர் வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் ஊதினார். தாய் ஏதோ ஒரு தீவிலிருந்து தாதி வேலைக்கு வந்தவர், தேவாலயத்தில் பாடுபவர். பக்கத்து வீட்டில் ஒரு அயர்லாந்துக் கிழவர் பிடில் வாசித்தார். இந்த மூன்று சத்தத்துக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளை, பள்ளிக்கூடம் முடிந்ததும் பஸ் நிலையத்தில் கித்தாரோடு நின்று பாடத் தொடங்கியது. முதல் இசைத்தட்டில் கித்தாரும் குரலும் மட்டும். நாட்டுப்பாடல் ஆட்கள் கொண்டாடினார்கள், எங்கள் பிள்ளை என்றார்கள். இரண்டாவதில் கம்ப்யூட்டர் மேளத்தையும் இரவு விடுதிகளின் அதிர்வையும் கொண்டுவந்தார். அதே ஆட்கள் காறித் துப்பினார்கள். மூன்றாவதில் தகப்பனின் ட்ரம்பெட்டுகளும் தாயின் தேவாலயப் பாடகர் குழுவும் சேர்ந்துகொண்டன. இசைத்தட்டுக் கடைக்காரர்களுக்கு எந்த வரிசையில் வைப்பதென்று தெரியவில்லையாம். எனக்கு இது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. கொத்துரொட்டியை யாரும் ரொட்டியா கறியா என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

அதற்குப் பிறகு அவரது குரல் போயிற்று. தொண்டையில் ஒன்றுமில்லை, மனதில்தான் என்றார்கள் வைத்தியர்கள். தாய் வீட்டு மேல்மாடியில் பல மாதம் படுத்துக் கிடந்தார். அந்த வீட்டில் சனிக்கிழமை தோறும் தாயின் ஊர்ச் சனம் கூடிக் கீழே ஆடுமாம். மேலே படுத்திருந்தவருக்கு அந்தத் தாளம் தரையின் வழியே முதுகில் இடித்ததாம். குரல் திரும்பியதும் அதே தாளத்தில் ஒரு பாட்டுக் கட்டினார். துக்கத்தைத் துள்ளும் தாளத்தில் சொன்னால்தான் சனம் கடைசிமட்டும் நின்று கேட்கும் என்று ஒரு பேட்டியில் விளக்கியிருந்தார். அதையும் பாடமாக்கினேன்.

இப்படி நான் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் சுவரின் வழியே அந்தத் தாளம் வந்தது. அதுவரை இழுத்து இழுத்துப் பாடும் பாட்டுகளே வந்துகொண்டிருந்தன. ஒரு ஞாயிறு காலை திடீரென்று டக்குடக்கென்று மேளம், ட்ரம்பெட், கைதட்டல். அசல் பைலா. எங்கள் ஊர்க் கலியாண வீடுகளில், பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்ஸில் சீட்டின் முதுகில் தட்டித் தட்டி நாங்கள் பாடிய அதே தாளம். இங்கேயும் எங்கள் கலியாண மண்டபங்களில் சாப்பாடு முடிந்ததும் அதுதான் போடுவார்கள். முழங்கால் தேய்ந்தவர்கள்கூட எழுந்து வருவார்கள். பைலாவுக்குச் சொல் கேட்டு ஆடியவர் எவரும் எங்கள் சனத்தில் இல்லை. சொல் என்னவாக இருந்தாலும் கால் ஆடும்.

மனைவி தோசைக் கரண்டியோடு ஓடி வந்தாள். அவள் திருகோணமலைக்காரி, அவளுக்கு இந்தத் தாளம் உடம்பில் ஊறியது.

"என்னப்பா, கேட்டீங்களே? பிள்ளை பைலா போடுறாள்!"

"ஓம், கேக்குது."

"சுகம் வந்திட்டுது. எனக்குத் தெரியும். மனம் சரியில்லாத ஆள் இப்பிடிப் பாட்டுப் போடுமே?"

அவள் அப்படியே இடுப்பை அசைத்து அசைத்துத் தோசை திருப்பினாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததைக் கண்டு எனக்கும் கண் கலங்கியது. அன்று முதல் அந்தப் பாட்டு எங்கள் வீட்டு நல்ல செய்தியாயிற்று. ஒரு நாளில் எத்தனை முறை போடுகிறாளோ அவ்வளவுக்குச் சுகம் என்று நாங்கள் நம்பினோம். மனைவி ரொறன்ரோவில் இருக்கும் தன் தமக்கைக்குப் போன் எடுத்துச் சொன்னாள். ட்யூன் அவளுக்குப் பாடமாகி, வார்த்தைகளுக்குப் பதில் லா லா போட்டுப் பாடிக்கொண்டே காய் வெட்டினாள். டாக்டரிடம் அடுத்த தவணை அந்த வாரம் இருந்தது. பிள்ளைதான் தேறிவிட்டாளே, வெளியே இழுத்து அவளைக் குழப்புவானேன் என்று நான் போன் எடுத்துத் தள்ளிப் போட்டேன். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்தது போல "மெர்சி" என்று நன்றி வேறு சொன்னேன்.

அடுத்த நாள் அவளது கதவைத் தட்டினேன். திறந்து, கட்டிலில் போய் இருந்தாள். நான் வாசலில் நின்றபடியே தொடங்கினேன். ஊர், தகப்பன், தாய், பிடில் கிழவர், முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ஒன்றும் விடவில்லை. துக்கத்தைத் துள்ளும் தாளத்தில் சொன்னால் சனம் நின்று கேட்கும் என்ற விளக்கத்தையும் ஒப்புவித்தேன். அவள் கண்கள் மெல்ல அகன்றன. வாயோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

"இவ்வளவும் எப்ப அப்பா படிச்சனீங்கள்?"

"அது கிடக்கட்டும். சரியோ பிழையோ சொல்லு."

"எல்லாம் சரி." பிறகு கேட்டாள். "உங்களுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. முழுதாக ஒரு பாட்டையும் நான் இருந்து கேட்டதில்லை. பாடகியைப் படித்தேனே தவிரப் பாட்டைக் கேட்கவில்லை.

"அந்தப் பைலாப் பாட்டு," என்றேன். "கேக்க நல்ல சந்தோசமா இருக்கு."

சிரிப்பு போய்விட்டது. என்னை நெடுநேரம் பார்த்தாள். பிறகு "களைப்பா இருக்கு அப்பா" என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். நான் கதவைச் சாத்திவிட்டுக் குசினிக்கு வந்து, மனைவியிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். கேள்வி கேட்டாள் அல்லவா? என் கணக்கில் அது பாஸ்.

ஆனி மாதம் அந்தப் பாடகி மொன்றியலுக்கு வந்தார். பழைய தேவாலயம் ஒன்றை மண்டபமாக மாற்றியிருந்த இடத்தில் பாட்டு. இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து மகளிடம் நீட்டினேன். அவள் அதைத் தடவிப் பார்த்தாள்.

"எனக்கு ஏலாது அப்பா. சனத்துக்குள்ள நிக்க ஏலாது. நீங்க போங்கோ."

"நான் தனியப் போய் என்னத்தைச் செய்ய?"

"அந்தப் பாட்டுப் பாடுவா. வடிவாக் கேளுங்கோ."

டிக்கெட்டைத் திருப்பித் தந்தபோது என் கையை ஒரு கணம் பிடித்திருந்தாள். அவள் கை குளிர்ந்திருந்தது. என்னை அனுப்பிவைக்கும் அக்கறை என்று நினைத்தேன்.

இஸ்திரி போட்ட நீளக்கை சேட்டோடு மெட்ரோவில் போனேன். மண்டபம் முழுக்க மகள் வயதுப் பிள்ளைகள். என் தலை ஒன்றுதான் நரைத்த தலை. பக்கத்தில் நின்ற ஒரு பெண், உங்களுக்கு இவரைத் தெரியுமா என்று பிரெஞ்சில் கேட்டாள். விடுவேனா? உடைந்த பிரெஞ்சில் இரண்டாவது இசைத்தட்டு வரைக்கும் வகுப்பு எடுத்துவிட்டேன். அவள் வாய் பிளந்து கேட்டாள். விளக்குகள் அணைந்தன, பாடகி வந்தார். நான் படத்தில் பார்த்ததைவிட மிகவும் சின்ன உருவம்.

நடுவில் அந்தப் பாட்டு வந்தது. மேளம் தொடங்கியதும் என் கால் தானாகத் தட்டியது. கையையும் தட்டினேன். மண்டபத்தில் நான் ஒருவன்தான் தட்டிக்கொண்டிருந்தேன் என்பது கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. யாரும் ஆடவில்லை. அத்தனை பிள்ளைகளும் அசையாமல் நின்று, மெல்லிய குரலில் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பெண்ணின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஏன் இவர்கள் ஆடவில்லை என்று எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில்தான் முதல் தடவையாகச் சொற்களைக் கேட்டேன்.

கீழே எல்லோரும் ஆடுகிறார்கள். மேல்மாடியில் ஒரு பெண் தன் அறையை ஒழுங்குபடுத்துகிறாள். படுக்கையை மடிக்கிறாள், பூச்செடிக்குத் தண்ணீர் விடுகிறாள். அம்மா கீழே சந்தோசமாக ஆடுகிறாள், அவளைக் கூப்பிட வேண்டாம். மேளத்தை மட்டும் நிறுத்தாதீர்கள், நான் போகும் சத்தம் அவளுக்குக் கேட்கக் கூடாது. அவ்வளவுதான் பாட்டு. இதைத்தான் என் பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கம் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் நாங்கள் ஆடிக்கொண்டு தோசை சுட்டோம்.

மேல்மாடி எனக்குத் தெரியும். கீழே ஆடிய சனத்தைத் தெரியும். துக்கத்தை எந்தத் தாளத்தில் சொல்வார் என்பதும் தெரியும். ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற எனக்கு இதைக் கூட்டிப் பார்க்கத் தெரியவில்லை. சீ என்றிருந்தது. டாக்டரின் தவணையைத் தள்ளிப்போட்டதும் நினைவு வந்தது.

சனத்தை இடித்துக்கொண்டு வெளியே வந்து வீட்டுக்குப் போன் எடுத்தேன். வெளியே இன்னும் வெளிச்சமாக இருந்தது.

"பிள்ளை என்ன செய்யிறாள்?"

"அறையுக்க இருக்கிறாள். பாட்டுப் போகுது. நான் ரோல்ஸ் பொரிக்கிறன். ஏன், முடிஞ்சுதே?"

"அடுப்பை நிப்பாட்டும். போய்ப் பிள்ளையோட இரும்."

"என்னப்பா, ஏன் இப்பிடிப் பதறுறீங்கள்?"

"ஒண்டுமில்லை. கேள்வி கேக்காமல் போம். நான் வருமட்டும் அவளைவிட்டு எழும்பக் கூடாது."

மெட்ரோ ஒவ்வொரு நிலையத்திலும் நின்று, கதவைத் திறந்து, ஆற அமர மூடியது. நான் என் வாழ்க்கையில் கடவுளிடம் அதிகம் கேட்டவன் அல்ல. அன்று வெட்கமில்லாமல் கெஞ்சினேன். எதிரே இருந்த கிழவி எனக்கு ஒரு டிஷ்யூவை நீட்டியபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்குள் சப்பாத்தோடு ஓடினேன். மகள் கட்டிலில் இருந்தாள். மனைவி அவளுக்குப் பின்னால் இருந்து தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். பாட்டு நின்றிருந்தது. அறையைப் பார்த்தேன். மேசை துடைத்து, உடுப்புகள் எல்லாம் மடித்து அடுக்கியிருந்தது. மாசியிலிருந்து குப்பையாகக் கிடந்த அறை.

"பாத்தீங்களே, பிள்ளை தானாவே அறையைத் துப்புரவாக்கியிருக்கிறாள்," என்றாள் மனைவி. அவள் முகம் பூரித்திருந்தது. "இருங்கோ, ரோல்ஸ் கொண்டு வாறன்."

அவள் போனதும் நான் தரையில் இருந்துவிட்டேன்.

"கேட்டன் பிள்ளை."

"வடிவாக் கேட்டனீங்களே?"

"ஓம். வடிவாக் கேட்டன்."

அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுக்கவில்லை. குசினியில் மனைவி லா லா என்று அதே ட்யூனைத் தொடங்கியிருந்தாள். மகள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"அம்மாட்டச் சொல்லாதேங்கோ அப்பா. அவ சந்தோசமா இருக்கிறா."

அடுத்த நாள் காலையிலேயே டாக்டரின் வாசலில் போய் நின்றேன், தவணை இல்லாமல். உள்ளே விடமாட்டேன் என்ற பெண்ணிடம் என் பேக்கரிப் பிரெஞ்சில் கத்தினேன், பிறகு கும்பிட்டேன். மகளும் என்னோடு வந்தாள். டாக்டருக்கு எல்லாவற்றையும் சொன்னோம். இப்போது மருந்து இருக்கிறது. கிழமைக்கு ஒருமுறை போகிறோம். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் மனைவி வீட்டில் இருக்கும்படி நேரத்தை மாற்றிக்கொண்டேன். அதற்கும் ஒரு பொய்க் காரணம் சொன்னேன். தேறுகிறாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தேறுகிறாள் என்று நான் ஒருமுறை முடிவு கட்டிப் பட்டது போதும்.

தாய்க்குச் சொல்ல வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து கேட்டால் "பேந்து சொல்லுவம் அப்பா" என்கிறாள் மகள். பேந்து என்றால் எப்போது? கத்த வேண்டும் போல இருக்கிறது. ஆனால் அவள் உலகத்தில் இன்னும் யாருக்காகவோ கவலைப்படுகிறாள் என்றால் அது அந்த லா லாவுக்காகத்தான். அதை நிறுத்திவிட்டால் அவளைப் பிடித்து வைத்திருப்பது எது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பயத்தில் நானும் பேந்து என்றே விட்டிருக்கிறேன்.

போன ஞாயிறு மகள் மேசைக்கு வந்து இருந்தாள். அரைத் தோசை சாப்பிட்டாள். மனைவி அடுப்படியில் கரண்டியால் சட்டியில் தட்டியபடி அந்தப் பாட்டைப் பாடினாள். இடுப்பு ஆடியது.

"என்னப்பா, சும்மா இருக்கிறீங்கள்? நீங்களும் தட்டுங்கோவன்!"

நான் மகளைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், தலையை மெல்ல அசைத்தாள். நான் மேசையில் தட்டத் தொடங்கினேன். தாளம் சரியாகத்தான் வந்தது. நிறுத்தத்தான் பயமாக இருந்தது.